டிஜெரிடூ, ஹேண்ட்பேன்: மதுரையில் இருந்தபடியே பழகுவது எப்படி

"மதுரையில இதுக்கெல்லாம் வாத்தியார் யாருங்க இருக்கா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். வாயால் ஊதும் நீண்ட மரக்குழாயான டிஜெரிடூவைக் கையில் பிடித்துச் சொல்லிக்கொடுக்கிற ஆள் நம் தெருவில் கிடைக்க மாட்டார், உண்மைதான். ஆனால் அந்தக் கருவிக்கு வேண்டிய மூச்சு, நாதஸ்வரத்துக்குச் சுருதியாக ஒத்து ஊதுகிறவரிடம் இருக்கிறது, கையால் தட்டி வாசிக்கும் எஃகுக் கருவியான ஹேண்ட்பேனுக்கு வேண்டிய விரல் கடம் வாசிக்கிறவரிடம் இருக்கிறது, நாக்கு வேலை முழுக்க மோர்சிங்காரரிடம் இருக்கிறது. வீடியோ பார்த்துப் பார்த்து இரண்டு வருடம் எனக்குப் பிடிபடாத ஒரு விஷயம், சோழவந்தான் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் பத்து நிமிடத்தில் பிடிபட்டது. அதனால் அந்த வழியாகவே சொல்கிறேன்.

முதலில் டிஜெரிடூ. இது வடக்கு ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி மக்களுடையது. ஆர்னம் லேண்டில் இருக்கும் யோல்ங்கு மக்கள் இதை யிடாக்கி என்பார்கள். கரையான் உள்ளே அரித்துக் குடைந்த யூகலிப்டஸ் மரத்தை (நம் ஊர்த் தைலமரத்தின் சொந்தம்தான்) தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வெட்டுவார்கள், வாய் வைக்கும் இடத்தில் தேன்மெழுகு பூசுவார்கள். அவர்களுக்கு அது சடங்கோடு சேர்ந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு தொடுங்கள், அது போதும். ஆனால் ஆரம்பத்திலேயே மரத்துக்குச் செலவு செய்ய வேண்டாம். ஹார்டுவேர் கடையில் ஒன்றரை இன்ச் பி.வி.சி. பைப் நான்கு அடி வாங்குங்கள். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் நன்றாகத் தேயுங்கள், உதடு கிழியக்கூடாது. நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு கேட்டு வாங்கி, வெந்நீரில் போட்டு இளக்கி, கயிறு மாதிரி உருட்டி விளிம்பைச் சுற்றி ஒட்டுங்கள். கடைசியில் நிற்கிற ஓட்டை பத்து ரூபாய் நாணயத்தை விட ஒரு சுற்றுப் பெரிதாக, கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அதற்கு மேல் அகலமாக விட்டால் உதடு நிற்காது, காற்றுதான் வீணாகும்.

நான்கு அடி பைப்புக்கு நம் ஊர்ச் சூட்டில் சுருதி ஒன்றரை கட்டைக்கும் (ட்யூனரில் C#) இரண்டு கட்டைக்கும் (D) நடுவில் வரும். இரண்டு கட்டைக்குக் கொண்டுவர வேண்டுமானால் கீழ்முனையை ஒவ்வொரு சென்டிமீட்டராக வெட்டி, ஒவ்வொரு முறையும் ஊதி, சுருதி காட்டும் ட்யூனரில் பாருங்கள், மொத்தம் நான்கு சென்டிமீட்டர் போல ஆகும். ஏன் இரண்டு கட்டை என்பது ஹேண்ட்பேனுக்கு வரும்போது தெரியும்.

இனி ஊதுவது. சின்னக் குழந்தைக்கு "ப்ர்ர்ர்" என்று பஸ் ஓட்டிக் காட்டுவோம் அல்லவா, அதே உதடு. அவ்வளவு தளர்வாக இருக்க வேண்டும். பைப்பில் வாயை அழுத்தாமல், காற்று ஓரத்தில் ஒழுகாத அளவுக்கு மட்டும் பதித்து அந்த ப்ர்ர்ரை விடுங்கள். எக்காளம் மாதிரி கீச்சென்று மேலே போனால் உதடு இறுகிவிட்டது என்று பொருள். (அந்த மேல் சத்தமும் தப்பில்லை. பி.வி.சி. பைப்பில் அது சரியாக மேல் ஸ்தாயி பஞ்சமத்தில் விழும், பிறகு வேண்டுமென்றே வாசிக்கலாம்.) முதல் இரண்டு வாரம் வேறு எதுவும் வேண்டாம், ஒரே ஆதார ஸ்வரம், தினம் பதினைந்து நிமிடம். உட்கார்ந்து ஊதுங்கள், தலை சுற்றும். சுற்றினால் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடியுங்கள். ரத்த அழுத்தமோ குடலிறக்கமோ இருப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம் மூச்சு. இங்கேதான் பெரும்பாலானவர்கள் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுப்பது, சத்தம் அறுபடாமல். நான் சொன்ன கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் வயதான ஒருவர் ஒத்து ஊதிக்கொண்டிருந்தார். இப்போது பெரும்பாலும் சுருதிப் பெட்டியை வைத்துவிடுகிறார்கள், ஒத்து பார்க்கக் கிடைப்பதே அபூர்வம். அரை மணி நேரம் ஒரே ஸ்வரம், ஓர் இடத்தில்கூட அறுபடவில்லை. நான் அவர் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கன்னம் மெல்ல உப்பும், பிறகு சட்டென்று வற்றும், அந்த வற்றுகிற நொடியில் மூக்கு லேசாக விரியும், தோள் அசையவே அசையாது. சாப்பாட்டுப் பந்திக்கு நடுவில் போய், "ஐயா, எப்படிங்கய்யா இது?" என்று கேட்டேன். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "வாயில தண்ணிய வச்சுக்கிட்டு மூக்கால மூச்சு விட முடியுதுல்ல தம்பி? அதேதான். தண்ணிக்குப் பதிலா காத்து."

அதை அப்படியே பயிற்சியாக்குங்கள். கன்னம் நிறைய தண்ணீரை வைத்துக்கொண்டு, சின்ன வயதில் கிணற்றடியில் பீய்ச்சி விளையாடிய மாதிரி மெல்லிய தாரையாகப் பீய்ச்சுங்கள், பீய்ச்சிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுங்கள். முதல் நாள் சட்டை நனையும். மூன்றாம் நாள் வரும். அடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் இளநீர்க் கடை ஸ்ட்ராவைப் போட்டு ஊதுங்கள், குமிழி நிற்காமல் மூச்சு எடுக்க வேண்டும். கன்னத்துக் காற்றைத் தள்ளுவது நெஞ்சு அல்ல, கன்னத்துத் தசையும் நாக்கின் பின்பக்கமும்தான் என்பது அப்போது தானாகவே உடம்புக்குத் தெரியும். பிறகுதான் பைப்.

பைப்பில் எல்லோரும் செய்கிற ஒரு தப்பு: காற்று தீர்ந்த பிறகு மூச்சு எடுக்கப் பார்ப்பது. தீர்வதற்கு முன்பே, பாதி இருக்கும்போதே எடுங்கள். சின்னச் சின்ன உறிஞ்சலாக, தகதிமி தகதிமி என்று மனதில் ஓட்டி ஒவ்வொரு "த"விலும் ஓர் உறிஞ்சல். இன்னொன்றை யாரும் சொல்லித்தருவதில்லை. கொஞ்ச நேரம் போனால் மூச்சு முட்டும், ஆனால் அது காற்று போதாமல் அல்ல, உள்ளே பழைய காற்று தேங்கிப்போவதால். அப்போது ஒரு முறை "ஹா" என்று பலமாகப் பைப்புக்குள்ளேயே தள்ளிவிட்டு ஆழமாக எடுங்கள். அந்த "ஹா" தாளத்தில் விழுந்தால் அதுவே அழகான அழுத்தமாகிவிடும்.

இந்தப் பயிற்சிக்கு இன்னொரு பலனும் உண்டு. குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத்திணறலும் உள்ள 25 பேரை வைத்துச் சுவிட்சர்லாந்தில் ஓர் ஆய்வு நடந்தது, அது பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. நான்கு மாதம் டிஜெரிடூ பழகியவர்களுக்குப் பகல் தூக்கக் கலக்கம் குறைந்திருந்தது, மேல் மூச்சுப்பாதைத் தசைகளுக்குக் கிடைக்கிற பயிற்சிதான் காரணம் என்கிறார்கள்.

மூச்சு வந்துவிட்டால் மீதி நாக்கு. ஊதிக்கொண்டே வாய்க்குள் ஆ, ஈ, ஓ, ஊ என்று நாக்கை மாற்றுங்கள். "ஈ" வரும்போது உள்ளிருந்து மெல்லிய ஸ்வரங்கள் கிளம்பும். மோர்சிங் வாசித்தவர்களுக்கு இது முதல் நாளே வரும், ஏனென்றால் வேலை ஒன்றுதான்: ஆதார ஸ்வரத்தை அப்படியே வைத்துக்கொண்டு வாயின் வடிவத்தை மாற்றுவது. அதனால் மோர்சிங்கும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. கம்பி பல்லில் அடிக்காமல் பற்களுக்கு நடுவில் இடைவெளி விட்டுப் பிடிக்கப் பழகுங்கள். தொண்டையால் குரலும் சேர்க்கலாம். ஆஸ்திரேலியாவில் குக்கபுரா பறவையையும் டிங்கோ நாயையும் ஊதிக் காட்டுவார்கள். நான் அழகர்கோயில் பக்கத்து மயிலை ஊதிப் பழகினேன், அந்த உச்சக் குரல் பைப்புக்குள் போய் அதிர்வது அவ்வளவு பிடிக்கும் எனக்கு. ஆர்னம் லேண்டில் தாளக்கட்டை வாயால் சொல்லித்தான் கற்பிக்கிறார்கள். நமக்குச் சொற்கட்டு புதிதா என்ன? தவிலுக்கு எது சொல்வீர்களோ அதையே பைப்புக்குள் சொல்லுங்கள்.

சரி, ஹேண்ட்பேன். பறக்கும் தட்டு மாதிரி, இரண்டு எஃகுக் கிண்ணங்களை ஒட்டிய கருவி. இதன் கதையைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் ஃபெலிக்ஸ் ரோனரும் சபீனா ஷேரரும் டிரினிடாடின் ஸ்டீல்பேனைச் செய்துகொண்டிருந்தவர்கள். அவர்களிடம் ரெட்டோ வெபர் என்ற தாளக் கலைஞர் வந்து, கடம் மாதிரிக் கையால் வாசிக்க, ஆனால் சில ஸ்வரங்களும் இருக்கிற எஃகுப் பானை ஒன்று வேண்டும் என்று கேட்டார். அதிலிருந்துதான் 2000-இல் ஹாங் பிறந்தது. பெர்ன் பக்கத்துப் பேச்சில் ஹாங் என்றால் கை. அதைப் பார்த்து மற்றவர்கள் செய்ததற்கு ஹேண்ட்பேன் என்று பெயர் வந்தது. அதாவது, நமக்குக் கூப்பிடு தூரத்தில் வைகைக் கரையில் மானாமதுரை கடம் செய்துகொண்டிருக்க, அந்தக் கடத்தின் நினைவில் ஆல்ப்ஸ் பக்கம் ஒரு கருவி உண்டாகியிருக்கிறது.

அதனால் ஹேண்ட்பேன் வாங்கும் முன் மானாமதுரைக்குப் போய் ஒரு கடம் வாங்குங்கள். உள்ளே கல்லை வைத்து, வெளியே கட்டையால் தட்டித் தட்டிச் சுவரை ஒரே கனமாக்குவார்கள், அதைப் பார்க்கவே ஒரு நாள் ஒதுக்கலாம். இரண்டு கட்டைச் சுருதியில் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் அதில் தகிட, தகதிமி, தகதகிட என்று இரண்டு கையும் சமமாக விழும்படி வாசியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இடது கை சோம்பேறி, அது கடத்தில் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஹேண்ட்பேனுக்கு மாறும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டும்: கடத்தின் பலம். மோதிரத்தைக் கழற்றிவிட்டு, சூடான தோசைக்கல்லைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுப்போமே, அப்படித் தொட்டு எடுங்கள். விரல் ஒரு நொடி தங்கினாலும் ஸ்வரம் செத்துவிடும். ஓங்கி அடித்தால் சுருதியே கலைந்துவிடும்.

முதல் கருவிக்கு டி குர்த் என்ற அமைப்பு நல்லது. நம் கணக்கில் அது இரண்டு கட்டையில் நடபைரவி. நடுவில் இருக்கும் மேட்டுக்கு டிங் என்று பெயர், அது கீழ் ஸ. சுற்றியுள்ள குழிகளில் ப, த, நி, அப்புறம் மத்திய ஸ, ரி, க, ம, ப. இடம் வலமாக மாறி மாறி ஏறும். முழுச் சரளி வரிசை இதில் வராது, மேல் த, நி கிடையாது. அதனால் மத்திய ஸட்ஜத்தில் நின்று மேலே ஸரிகமப, கீழே ஸநிதப என்று இரண்டு பக்கமும் போய் வாருங்கள். கமகமும் வராது. ராகத்தை இதில் தேடி ஏமாற வேண்டாம், டிங்கும் பஞ்சமமும் சேர்ந்து ஒலித்து அடங்குகிற அந்த நீளத்தைக் கேட்கப் பழகுங்கள், இதன் அழகு அங்கேதான். இரண்டு கட்டைப் பைப்பை நண்பர் ஊத, நீங்கள் இதை வாசித்தால் அப்படியே சேரும்.

வாங்குவதில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் குறைந்த விலைக்கு ஒன்று வாங்கினேன், பார்க்க அருமையாக இருந்தது. மூன்று மாதம் வாசித்தும் ஏனோ மனசு ஒட்டவில்லை, என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்த நாதஸ்வரக்காரர் ஒருவர் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "பஞ்சமம் சேரலையே தம்பி" என்றார். ட்யூனரில் பார்த்தால் அந்த ஸ்வரம் மட்டும் நன்றாகவே தாழ்ந்திருந்தது. விற்றவர் திரும்ப எடுக்கவும் இல்லை, பதில் போடவும் இல்லை. நல்ல ஹேண்ட்பேனில் ஒவ்வொரு குழிக்குள்ளும் அந்த ஸ்வரம், அதன் மேல் ஸ்தாயி, அதற்கும் மேல் பஞ்சமம் என மூன்றும் சேர்ந்து ஒலிக்கும். சத்தம் அலை அலையாக நடுங்கினால் வாங்காதீர்கள். கலைந்ததைச் சுத்தியல் பிடிக்கத் தெரிந்த ட்யூனர்தான் சரிசெய்ய முடியும், நீங்கள் கை வைக்க வேண்டாம். வீடியோ காலிலாவது ஒவ்வொரு ஸ்வரத்தையும் தட்டிக் காட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் காது தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். நாதஸ்வரத்துக்குப் பேர்போன ஊர் இது, அந்தக் காதுக்குப் பஞ்சமில்லை. இன்னொன்று, நாக்கு மாதிரி வெட்டுப் பட்டிருந்தால் அது டங் டிரம், ஹேண்ட்பேன் அல்ல. அதுவும் நல்ல கருவிதான், அதன் விலைக்கு வாங்குங்கள்.

கையில் அவ்வளவு காசு இல்லையென்றால் கலிம்பா. ஜிம்பாப்வேயின் ம்பிரா போன்ற கருவிகளைப் பார்த்து ஹியூ டிரேசி என்பவர் 1950-களில் செய்து விற்றது. 17 தகடு உள்ளதை வாங்குங்கள், ஒரு கட்டையில் சங்கராபரணம் இருக்கும், கட்டைவிரல் இரண்டு போதும். தாளம்தான் பிடிக்கும் என்பவர்களுக்கு பெரு நாட்டுக் கஹோன், வெறும் மரப்பெட்டி, மேலே ஏறி உட்கார்ந்து முன்பலகையை அடிப்பது. அதை நல்ல தச்சரிடம் மெல்லிய பிளைவுட் முகப்போடு செய்தே வாங்கிவிடலாம். மேற்கு ஆப்பிரிக்காவின் கைமுரசான ஜெம்பேயைத் தொடுகிறவர்கள் நடுவில் ஓர் அடி, ஓரத்தில் ஓர் அடி, சுள்ளென்று ஓர் அடி என்று மூன்றையும் தனித்தனியாக்கிக்கொண்டுதான் அடுத்த பாடத்துக்குப் போக வேண்டும்.

பழக இடம் வேண்டும். அப்பார்ட்மெண்டில் டிஜெரிடூ ஊதினால் கீழ்வீட்டுச் சுவர் வரை அதிரும், அதனால் நான் காலை ஆறு மணிக்குக் கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்துக்குப் போய்விடுவேன். பாறையைப் பார்த்து உட்கார்ந்து ஊதினால் சத்தம் திரும்பி வரும், உங்கள் "ஈ" தெளிவாக இருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். எட்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். வெயிலில் விட்டால் பி.வி.சி. வளையும், மெழுகு இளகி வழியும். பைப்பின் வாயில் ஈரத்துண்டு சுற்றி எடுத்துப் போங்கள். ஹேண்ட்பேனைப் பூட்டிய காருக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள், சூட்டில் சுருதி போய்விடும். வாசித்து முடித்ததும் விரல் வியர்வையை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு உறைக்குள் போடுங்கள், இல்லையென்றால் அடுத்த வாரமே துருப்புள்ளி தெரியும்.