மூக்கு பெரிதில்லை, கேமராதான் கிட்டே இருக்கிறது

கையை நீட்டி ஒரு செல்ஃபி எடுத்துப் பார்த்துவிட்டு, ‘என் மூக்கு இவ்வளவு பெரிசா?’ என்று நொந்துகொள்ளாதவர்கள் குறைவு. பலர் லென்ஸைத் திட்டுவார்கள். தவறு தூரத்தில் இருக்கிறது. கேமராவிலிருந்து மூக்கு நுனி 30 செ.மீ.யில் இருந்தால் காது ஏறக்குறைய 42 செ.மீ.யில் இருக்கும். கிட்டே இருப்பது பெருத்துத் தெரியும், காது பின்னால் ஒடுங்கிவிடும். ஒன்றரை மீட்டர் தள்ளிப் போனால் அந்த 12 செ.மீ. வித்தியாசம் கண்ணுக்கே படாது. அதனால் போனை எங்காவது சாய்த்து வைத்து, டைமர் போட்டு, தள்ளி நில்லுங்கள். முகம் சின்னதாக விழுந்தால் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது வெளிச்சம். உச்சி வெயிலில் புருவத்தின் நிழல் விழுந்து கண் இரண்டும் குழியாகிவிடும். ஜன்னலோரம் பக்கவாட்டாக உட்காருவது எவ்வளவோ மேல். ஆனால் அறை விளக்கை அணைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் மஞ்சள். ஜன்னலின் வெளிச்சம் கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளியாக விழுகிறதா என்று பாருங்கள். அது இல்லாத முகம் உயிரற்றுப் போகும்.

பின்னணி மங்கவேண்டும் என்று அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையை, முழுக்கத் திறப்பதும் பொதுவான தவறு. ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவில் 85 மி.மீ. லென்ஸை, துளை நன்றாக விரிந்த எஃப் 1.8-இல் வைத்து ஒன்றரை மீட்டரில் எடுத்தால், தெளிவாக இருப்பது சுமார் 3 செ.மீ. ஆழம் மட்டுமே. முகம் கொஞ்சம் திரும்பினாலும் ஒரு கண் மங்கிப்போய்விடும்.

நம்மை நாமே எடுக்கும்போது இது இன்னும் கஷ்டம். நாற்காலி காலியாக இருக்கும்போது ஃபோகஸ் பின்சுவரில் போய் உட்கார்ந்துவிடும். ஒரு மாலை முழுக்க எடுத்த படங்களை நான் அப்படித்தான் இழந்தேன். இப்போதெல்லாம் முகம் வரும் இடத்தில் ஒரு துடைப்பத்தை நிறுத்தி, அதில் ஃபோகஸ் செய்து, அது தானாக மாறாதபடி மேனுவலுக்கு மாற்றிவிடுகிறேன்.

என்னை மிகவும் வருத்தும் தவறு வேறு: யோசனை இல்லாமல் அலங்காரத்தில் இறங்குவது. வண்ணப் புகை, சீரியல் விளக்கு, ஒரு கண்ணை மறைக்கும் பூ. எல்லாரும் செய்கிறார்கள் என்பதைத் தவிர இவற்றுக்குக் காரணம் உண்டா? அதை நீக்கிவிட்டுப் பாருங்கள், படத்துக்கு ஒரு குறையும் வராவிட்டால் அது வேண்டாம்.

காரணத்தோடு செய்த அலங்காரத்துக்கு ஒரு பழைய படம் உதாரணம். 1840-இல், புகைப்படக்கலையின் முன்னோடிகளில் ஒருவரான பிரான்சின் இப்போலித் பயார் தன்னையே தண்ணீரில் மூழ்கி இறந்த பிணமாகப் படமெடுத்தார். இன்னொரு முன்னோடியான டாகேருக்குக் கிடைத்த அரசின் ஆதரவு தனக்குக் கிடைக்கவில்லை என்ற ஆற்றாமையில் பிறந்த படம் அது. அதைப் பின்பக்கக் குறிப்பாகவும் எழுதிவைத்தார். படத்தில் முகமும் கைகளும் கறுத்துத் தெரிகின்றன. அதை அவர் மறைக்கவில்லை. பிணம் அழுகத் தொடங்கிவிட்டது என்று அந்தக் குறிப்பிலேயே எழுதிவிட்டார்.