கையில் பெரிய ஜோடி, எதிரே சிப்ஸ் குறைந்த லூஸ் ஆட்டக்காரர்: என்ன செய்வது?

போக்கர் சீட்டாட்டத்தின் ஒரு வகையான நோ-லிமிட் ஹோல்டெமில் ஆளுக்கு இரண்டு சீட்டு. அதில் ஜாக்கி ஜோடி வந்தாலே பலருக்குத் தயக்கம் வந்துவிடும். காரணம் இல்லாமல் இல்லை. ஃபிளாப்பில் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகளில்) ராணி, ராஜா, ஏஸ் மூன்றில் ஒன்றாவது விழ 57% வாய்ப்பு. பத்து ஜோடி வைத்திருந்தால் அதைவிடப் பெரிய சீட்டு விழும் வாய்ப்பு 70%-ஐத் தொடும். ராணி ஜோடிக்கு 41%, ராஜா ஜோடிக்கு 23%. ஆனால் எதிரே இருப்பவரிடம் 20 பெரிய பிளைண்டுக்கும் (பிளைண்ட் என்பது கை தொடங்கும் முன் இருவர் கட்டாயமாகப் போடும் சின்ன, பெரிய பந்தயம்) குறைவாக இருந்து, அவர் கண்ட கையையும் ஆடுபவராகவும் இருந்தால், இந்தத் தயக்கம் காசைத்தான் தின்னும். முடிவை ஃபிளாப்புக்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

முதலில் எண்ணுங்கள். உங்கள் சிப்ஸை அல்ல, அவருடையதை. பிளைண்ட் 50/100, உங்களிடம் 6,000, அவரிடம் 1,500 என்றால் அவரோடு நீங்கள் ஆடுவது 1,500-க்குத்தான். மீதி 4,500-க்கு அந்தக் கையில் வேலை இல்லை. அடுத்து, அவர் எந்த வகை லூஸ் என்று பாருங்கள். கால் போட்டுப் போட்டே, அதாவது கேட்ட தொகையை மட்டும் ஈடுகட்டியே, ஃபிளாப் பார்க்கிறவர் ஒரு வகை. எதுவும் யோசிக்காமல் ஆல்-இன், அதாவது இருக்கும் சிப்ஸ் முழுவதையும், தள்ளுகிறவர் இன்னொரு வகை. இருவரையும் ஒரே மாதிரி ஆடினால் பாதி லாபம் போய்விடும்.

கால் போடுகிறவரிடம் ரெய்ஸ் (பந்தயத்தை உயர்த்துவது) பெரிதாக இருக்க வேண்டும். அவர் உயர்த்தாமல் 100 மட்டும் போட்டு உள்ளே வந்திருந்தால் (இதுதான் லிம்ப்) 500 ஆக்குங்கள். 300 போட்டாலும் 500 போட்டாலும் அவர் கால் போடும் கைகள் ஏறக்குறைய அவையேதான். பிறகு ஏன் குறைவாக வாங்க வேண்டும்? பிளைண்டுகள் ஒதுங்கி அவர் மட்டும் வந்தால் பாட் (நடுவில் சேர்ந்த மொத்தப் பணம்) 1,150, அவரிடம் மீதி 1,000. ஃபிளாப்பில் அவர் செக் செய்தால் (பந்தயம் போடாமல் விட்டால்) ஆல்-இன் சொல்லுங்கள். ராஜாவோ ராணியோ ஒன்று விழுந்திருந்தாலும் பெரும்பாலும் அதுவே சரி, ஏனென்றால் சின்ன ஜோடி, நடு ஜோடி, ஸ்ட்ரெயிட் டிரா (ஐந்து தொடர் சீட்டுக்கு இன்னும் ஒன்று தேவைப்படும் கை) எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு அவர் வருவார்.

அவரிடம் கொஞ்சம் கூடுதலாக, 2,500 இருந்தால் பணத்தை இரண்டு தெருவில் (பந்தயச் சுற்றில்) உள்ளே கொண்டுவரலாம்: அதே 500 ரெய்ஸ், 1,150 பாட்டில் ஃபிளாப்பில் 600, பிறகு 2,350 பாட்டில் டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) மீதி 1,400. 1,000-க்குக் குறைவாகவே வைத்துக்கொண்டு லிம்ப் செய்கிறாரா? நேராக அவரை ஆல்-இன் ஆக்கிவிடுங்கள். அந்த அளவுக்கு நுணுக்கம் தேவையே இல்லை.

தள்ளுகிறவரிடம் நேர் எதிர். அவர் உங்களுக்குப் பின்னால், பிளைண்டில் உட்கார்ந்திருந்தால் 250 போதும். அவர் தள்ள இடம் கொடுங்கள். தள்ளியதும் கால் போடுங்கள். அவர் ஏற்கெனவே 300 என்று ரெய்ஸ் செய்திருந்தால் வெறும் கால் வேண்டாம். வெறும் கால் போட்டால் 750 பாட்டில் 1,200 மீதியோடு ஃபிளாப் பார்க்க வேண்டியிருக்கும். அங்கே ஏஸ் விழுந்தால் உங்களுக்குக் குழப்பம், விழாவிட்டால் அவருடைய ஏஸ்-ஏழு ஒதுங்கிக்கொள்ளும். முன்பே ஆல்-இன் போட்டால் அதே ஏஸ்-ஏழோடு அவர் கால் போடுவார். அதற்கு எதிராக ஜாக்கி ஜோடிக்கு 70%-க்குச் சற்று மேல் பங்கு.

அவர் 1,500 முழுவதையும் முதலிலேயே தள்ளினால் கணக்கு இது: பாட்டில் 1,650, நீங்கள் போட வேண்டியது 1,500. 47.6% வெற்றி வாய்ப்பு இருந்தால் கைக்கும் வாய்க்கும் சரி. பத்து முதல் மேலே உள்ள ஜோடிகளும் ஏஸ்-ராஜாவும் மட்டும் தள்ளும் கஞ்சரிடம் ஜாக்கி ஜோடிக்குச் சுமார் 43%தான். அங்கே ஒதுங்குவதே சரி. தள்ளும் கைகளை ஏழு ஜோடி முதல், ஏஸ்-பத்து முதல், ராஜா-ராணி என்று விரித்தால் அது 58% ஆகிறது. உண்மையான லூஸ் ஆட்டக்காரர் இதைவிடவும் விரிவாகத் தள்ளுவார். முன்பின் தெரியாத ஏதோ இரண்டு சீட்டுக்கு எதிராக ஜாக்கி ஜோடி 77% வெல்லும்.

உங்களுக்குப் பின்னால் இன்னும் பேசாத பெரிய ஸ்டாக்குகள் (சிப்ஸ் அதிகம் உள்ளவர்கள்) இருந்தால் அதைக் கவனிக்காமல் விடாதீர்கள். 1,500-க்குக் கால் மட்டும் போட்டால் ஏஸ்-ராணி, ராஜா-ராணி போன்ற கைகளும் சேர்ந்து வரும். இரண்டு பேருக்கு எதிராக, அவர்கள் கையில் எது இருந்தாலும் சரி என்றே வைத்துக்கொண்டால்கூட, 77% சுமார் 61% ஆகிவிடும். 3,500 ஆக்குங்கள், அல்லது ஆல்-இன் சொல்லுங்கள். 3,500 போட்ட பிறகு யாராவது திரும்ப ஆல்-இன் தள்ளினால் ஒதுங்க முடியாது என்பதையும் போடும்போதே ஏற்றுக்கொண்டுதான் போட வேண்டும். ஏஸ் ஜோடி இருந்தால் மட்டும் வெறும் கால் போட்டு ஆளைக் கூப்பிடலாம்.

அதிகம் கோட்டைவிடுவது 500 ரெய்ஸ் செய்துவிட்டு, லிம்ப் செய்தவர் ஆல்-இன் தள்ளியதும் ஒதுங்குவதில்தான். 2,150 பாட்டுக்கு 1,000 கேட்கிறார்கள், 32% போதும். அவர் கையில் பெரிய ஜோடிதான் என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய அப்படி ஒதுங்குவதற்கு நியாயமில்லை.

ஃபிளாப்பில் ஏஸ் விழுந்து, நீங்கள் பேசுவதற்குள் அவர் மீதி 1,000-ஐத் தள்ளினால்? அங்கும் தேவை அதே 32%. அவரிடம் ஏஸ் இருந்தால் உங்களுக்கு மிச்சம் இரண்டு ஜாக்கிகள், அதாவது 9%. ஏஸ் இல்லாமல் சின்ன ஜோடியோ வெறும் சத்தமோ என்றால் சுமார் 80%. இரண்டையும் கலந்து பார்த்தால், மூன்று முறை தள்ளுவதில் ஒரு முறையாவது ஏஸ் இல்லாமல் தள்ளுகிறவரிடம் கால் போட்டால் நஷ்டமில்லை. எதையும் தள்ளுகிற ஆள் அந்த வரம்பை எளிதாகத் தாண்டுவார். ஆனால் நாள் முழுக்க செக்கும் காலுமாக இருந்தவர் ஏஸ் வந்ததும் விழித்துக்கொண்டு தள்ளினால் விட்டுவிடுங்கள். அவர் கையில் பெரும்பாலும் ஏஸ் இருக்கும்.

மூன்றாவது ஆள் ஒருவர் உள்ளே இருக்க, சிப்ஸ் குறைந்தவர் ஆல்-இன் ஆகிவிட்டால் பாட் இரண்டாகப் பிரியும்: மூவருக்கும் உரிய பிரதான பாட், மற்ற இருவருக்கு மட்டுமான பக்கப் பாட். பக்கப் பாட்டில் ஒன்றும் இல்லாதபோது வெறும் பிளஃபால் அந்த மூன்றாவது ஆளை விரட்டுவதில் பொருளில்லை. பிரதான பாட்டை எப்படியும் சீட்டைக் காட்டித்தான் ஜெயிக்க வேண்டும். ஜோடி இன்னும் முன்னணியில் இருக்கிறது, ஆனால் அவர் பெரிய சீட்டோடு காத்திருக்கிறார் என்று தெரிந்தால் மட்டும் பெட் போட்டு விலக்குங்கள்.

டோர்னமென்டில், பரிசு எல்லைக்குப் பக்கத்தில் உங்கள் ஸ்டாக்கும் அவர் ஸ்டாக்கும் சமமாக இருந்தால் 47.6% என்ற கணக்கு போதாது. தோற்றால் வெளியே போவது நீங்கள். அங்கே ஜாக்கி ஜோடியைக்கூட இறுக்கமானவரிடம் விடலாம். 6,000-த்துக்கு எதிரே 1,500 என்றால் தோற்றாலும் 45 பிளைண்ட் மிஞ்சும். மேலே சொன்னபடியே ஆடுங்கள்.

கை முடிந்ததும் அவர் திருப்பிக் காட்டிய சீட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஏஸ்-மூன்றோடு 15 பிளைண்ட் தள்ளியவர் என்றால், அடுத்த முறை அவர் தள்ளும்போது ஒன்பது ஜோடிக்கும் எட்டு ஜோடிக்கும் கால் போடலாம்.