அமெரிக்கக் கண்ணாடியில் ஐரோப்பிய அரசியலைப் பார்த்தால் எங்கே சறுக்கும்?

ஜனநாயகக் கட்சிக்காரர் லிபரல், குடியரசுக் கட்சிக்காரர் கன்சர்வேட்டிவ். அமெரிக்காவுக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரி. 1930களில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் 'நியூ டீல்' (அரசே செலவழித்து வேலையும் நிவாரணமும் தந்த திட்டங்கள்) வந்ததிலிருந்து, அங்கே லிபரல் என்றால் அரசு தாராளமாகச் செலவு செய்ய வேண்டும் என்பவர். ஜெர்மனியில் லிபரல் கட்சி எஃப்.டி.பி. வரியைக் குறை, செலவைக் கட்டுப்படுத்து என்பதே அதன் பாட்டு. அரசு கூடுதல் கடன் வாங்க ஒப்புக்கொள்ளாத அதன் அப்போதைய தலைவர் கிறிஸ்டியான் லிண்ட்னர் 2024 நவம்பரில் நிதியமைச்சர் பதவியிலிருந்து நீக்கப்பட, ஆளும் கூட்டணியே உடைந்தது. அமெரிக்க லிபரல் ஒருவர் இந்தச் சண்டையில் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று யோசித்தால் வித்தியாசம் பிடிபடும்.

வலதுசாரி வந்தால் நலத்திட்டத்தில் கைவைப்பார் என்று முடிவுகட்டுவது இன்னொரு தவறு. போலந்தின் 'சட்டமும் நீதியும்' கட்சி கருக்கலைப்பை எதிர்க்கும் கத்தோலிக்க வலதுசாரிக் கட்சி. அதே கட்சிதான் 2016இல் இரண்டாவது குழந்தை முதல் மாதம் 500 ஸ்வோட்டி (போலந்து நாணயம்) கொடுக்கத் தொடங்கியது. 2019இல் முதல் குழந்தைக்கும் நீட்டித்தது. ஓய்வு வயதைப் பெண்களுக்கு 60, ஆண்களுக்கு 65 என்று மறுபடி குறைத்ததும் அதுவே. ஜெர்மனியில் 1883இல் கட்டாய மருத்துவக் காப்பீடு கொண்டுவந்த சான்சலர் (அரசுத் தலைமை அமைச்சர்) பிஸ்மார்க் மட்டும் இடதுசாரியா என்ன? தொழிலாளர்கள் சோஷலிஸ்டுகள் பக்கம் போய்விடக் கூடாதே என்றுதான் கொண்டுவந்தார்.

கருக்கலைப்பு விஷயத்தில்தான் ஒப்பீடு அதிகம் தடம் புரள்கிறது. ஐரோப்பா எல்லாவற்றிலும் தாராளம் என்ற நினைப்பே காரணம். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றால் 1973 முதல் 2022 வரை, கரு வெளியே உயிர்பிழைக்கும் நிலையை எட்டும்வரை, அதாவது ஏறத்தாழ 24 வாரம் வரை, அமெரிக்க மாநிலங்கள் கருக்கலைப்பைத் தடைசெய்ய முடியாமல் இருந்தது. ஜெர்மனியிலோ கருத்தரித்ததிலிருந்து 12 வாரம். அதற்குள்ளும் ஆலோசனை பெற்று, மூன்று நாள் காத்திருந்தால்தான் தண்டனை இல்லை. வாரக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்காவில் வழக்கமாகக் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுவார்கள். ஆகவே ஜெர்மனியின் 12ஐ 14 என்று மாற்றிய பிறகே இரண்டையும் அருகருகே வைக்க வேண்டும். அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றமே 2022இல் ரத்துசெய்த பிறகு 'அமெரிக்கா' என்று பொதுவாகச் சொல்லவும் முடியாது, எந்த மாநிலம் என்று கேட்க வேண்டும்.

சரியாக ஒப்பிட, கட்சியின் பெயரை விட்டுவிட்டு வரி, மருத்துவம், கருக்கலைப்பு, குடியேற்றம், துப்பாக்கி என்று தனித்தனி வரிசை போடுங்கள். ஒவ்வொன்றிலும் கட்சி வாக்களித்ததை எழுதுங்கள், மேடைப் பேச்சை வேண்டாம். ஆண்டையும் குறியுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தன்பாலினத் திருமணச் சட்டம் 2013இல் கன்சர்வேட்டிவ் பிரதமர் கேமரூன் ஆட்சியில் நிறைவேறியது. 2017இல் ஜெர்மனியில் அது வாக்கெடுப்புக்கு வந்தபோது, அங்கே கன்சர்வேட்டிவ் சான்சலராக இருந்த மெர்கெல் எதிர்த்தே வாக்களித்தார். இருவரையும் ஒரே பெட்டியில் போட்டால் ஒருவர் நிச்சயம் பொருந்தமாட்டார்.

வரைபட நிறமும் ஏமாற்றும்: ஐரோப்பாவில் சிவப்பு இடதுசாரிகளுக்கு, அமெரிக்காவில் குடியரசுக் கட்சிக்கு.