நாவலில் வரும் காசைக் கணக்குப் போட்டுப் படியுங்கள்

ஊர் ஊராகப் போய்க் கூலி வேலை பார்ப்பவர்களின் கதையைப் படிக்கும்போது, அதில் வரும் காசுக் கணக்கை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். கனவு எவ்வளவு பக்கத்தில் வந்து உடைகிறது என்பது அதில் பளிச்சென்று தெரியும்.

ஜான் ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' (1937) நாவலில், ஜார்ஜும் லென்னியும் கலிபோர்னியாவில் பண்ணை பண்ணையாக அலைகிறார்கள். மாதக் கூலி ஆளுக்கு 50 டாலர். ஆசைப்படும் நிலத்தின் விலை 600. கிழவர் கேண்டி 350 தர முன்வருகிறார். அதில் 250, வேலையில் கை போனதற்குக் கிடைத்த பணம்! அந்த 350-உடன் ஜார்ஜ், லென்னி இருவரின் ஒரு மாதக் கூலியும் சேர்ந்தால் 450. எனக்கு நாவலிலேயே அதிகம் வலிப்பது இந்தக் கூட்டல்தான்.

தாளின் பின்பக்கம், யார் யாரைப் புண்படுத்துகிறார்கள் என்று குறியுங்கள். கருப்பினத்தவர் என்பதால் லாயத்தில் தனியே ஒதுக்கப்பட்ட குரூக்ஸ், லென்னியைப் பயமுறுத்துகிறார். சற்று நேரத்தில் முதலாளியின் மருமகள் குரூக்ஸைத் தூக்கில் போட வைப்பேன் என்கிறாள். அவளுக்கோ கதையில் பெயரே இல்லை.

அப்புறம், மேலூர், அலங்காநல்லூர் பக்கம் கரும்பு வெட்டப் போன பெரியவர் யாராவது பழக்கம் என்றால், முன்பணம் எவ்வளவு, பிடித்தம் போகக் கையில் என்ன வந்தது என்று கேட்டு அதே தாளில் எழுதுங்கள்.

புத்தகத்தை, மதுரை புதுநத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் தேடிப் பாருங்கள். ஆறே அத்தியாயம்தான்.