பூமியின் குறுக்கே ஒரு துளை: விழுந்தால் என்ன ஆகும் என்று நாமே கணக்குப் போடுவோம்

கிணற்றில் கல்லைப் போட்டு, 'தொபுக்' என்ற சத்தம் வரும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணாத பிள்ளைகள் குறைவு. அந்தக் கிணற்றுக்கு அடியே இல்லாமல், பூமியின் மறுபக்கம் வரை அது திறந்திருந்தால்? மையத்தில் போய் நின்றுவிடுவோம் என்பார்கள் சிலர். மறுபக்கம் பிய்த்துக்கொண்டு வானத்துக்குப் போய்விடுவோம் என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே நடக்காது. பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்தால் போதும், என்ன நடக்கும் என்பதை நிமிடம் நிமிடமாகப் பார்த்துவிடலாம். தாளும் கால்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸெல் இருந்தால் இன்னும் சுலபம்.

படி 1: துளையை எங்கே போடுவது?

ஓர் இடத்துக்கு நேர் எதிர் இடத்தைக் கண்டுபிடிக்க, அட்சரேகையில் வடக்கைத் தெற்காக மாற்றுங்கள். தீர்க்கரேகையை 180-இலிருந்து கழித்து, கிழக்கை மேற்காக மாற்றுங்கள். இந்தியாவின் பெரும்பகுதிக்கு விடை பசிபிக் கடலில்தான் வரும். ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பக்கம் மட்டும் ஓர் அதிசயம்: 27 டிகிரி வடக்கு, 70.6 டிகிரி கிழக்கில் தோண்டினால் ஈஸ்டர் தீவுக்குப் போய்ச் சேரலாம்.

ஆனால் பூமி சுற்றுகிறது. நிலநடுக்கோட்டில் நிற்பவர் விநாடிக்கு 465 மீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறார். துளையின் சுவரோ ஆழம் கூடக்கூட மெதுவாகச் சுற்றும். அதனால் விழுபவர் சுவரை முந்திக்கொண்டு கிழக்கே சாய்வார். 2 மீட்டர் அகலத் துளையின் நடுவில் குதித்தால் 16 விநாடியில் கிழக்குச் சுவரில் மோதிவிடுவார், ஒன்றேகால் கி.மீ. ஆழத்திலேயே. இந்தச் சிக்கல் இல்லாத ஒரே பாதை துருவத்திலிருந்து துருவத்துக்குப் போவது. ஆகவே தென்துருவத்தில் குதிக்கிறோம்.

படி 2: தடைகளை எடுத்துவிடுங்கள்

மனிதன் தோண்டியதிலேயே ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. 1970-இல் தொடங்கி, 1989-இல் 12,262 மீட்டரை எட்டினார்கள். அங்கே வெப்பம் 180 டிகிரி. இத்தனைக்கும் அது மையத்துக்குப் போகும் தூரத்தில் 500-இல் ஒரு பங்குகூட இல்லை. மையத்தில் வெப்பம் 5,000 டிகிரிக்கு மேல். அழுத்தம் நாம் இங்கே உணரும் காற்றழுத்தத்தைப் போல 35 லட்சம் மடங்கு. இவற்றை எல்லாம் தாங்கும் குழாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

காற்றையும் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். இதை லேசாக நினைக்காதீர்கள். கீழே போகப் போக, சுமார் 6 கி.மீ.க்கு ஒருமுறை காற்றின் அடர்த்தி இரட்டிப்பாகும். பத்து முறை இரட்டித்தால் ஆயிரம் மடங்கு, அதாவது ஏறத்தாழ தண்ணீரின் அடர்த்தி. ஆகவே 60 கி.மீ. ஆழத்துக்குள்ளேயே, தண்ணீரில் மிதப்பதுபோல் காற்றில் மிதக்கத் தொடங்கிவிடுவோம். பயணம் அங்கேயே முடிந்துவிடும்.

படி 3: உள்ளே ஈர்ப்பு எவ்வளவு?

எல்லாவற்றுக்கும் சாவி இந்தப் படிதான், நிதானமாகப் படியுங்கள். பூமியை வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக நினைத்துக்கொள்ளுங்கள். பாதி ஆழத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு வெளியே உள்ள தோல்கள் உங்களை எப்படி இழுக்கும்? பக்கத்தில் இருக்கும் பகுதி கிட்டத்தில் இருப்பதால் பலமாக இழுக்கும், ஆனால் அதில் பொருள் கொஞ்சம். எதிர்ப்பக்கம் தூரத்தில் இருக்கிறது, ஆனால் அங்கே பொருள் அதிகம். இரண்டும் சரியாக ஒன்றையொன்று அடித்துவிடும். நியூட்டன் 1687-இல் வெளியிட்ட 'பிரின்சிபியா' நூலில் இதை நிறுவிக் காட்டினார்.

ஆக, உங்களுக்குக் கீழே மிச்சமிருக்கும் உருண்டை மட்டுமே உங்களை இழுக்கும். ஆரம் பாதியானால் அதன் நிறை எட்டில் ஒரு பங்கு. தூரம் பாதியானதால் இழுவை நான்கு மடங்கு. நான்கை எட்டால் வகுத்தால் பாதி. பூமி முழுவதும் ஒரே அடர்த்தி என்று வைத்துக்கொண்டால் விதி இவ்வளவுதான்:

ஈர்ப்பு = 9.81 × (மையத்திலிருந்து தூரம் ÷ 6,371)

தூரம் கி.மீ.யில். 6,371 என்பது பூமியின் சராசரி ஆரம். 9.81 என்பது தரையில் உள்ள ஈர்ப்பு: விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 9.81 மீட்டர் கூடும்.

படி 4: நிமிடத்துக்கு ஒரு வரிசை

நான்கு நெடுவரிசைகள் போடுங்கள்: நிமிடம், மையத்திலிருந்து தூரம், ஈர்ப்பு, வேகம். ஒவ்வொரு வரிசையிலும் மூன்று வேலை. ஈர்ப்பை 60-ஆல் பெருக்கி முந்தைய வேகத்தோடு கூட்டுங்கள். அந்த வேகத்தை 60-ஆல் பெருக்கினால் அந்த நிமிடத்தில் விழுந்த தூரம் மீட்டரில் வரும். அதைக் கி.மீ. ஆக்கி, தூரத்திலிருந்து கழித்து அடுத்த வரிசையில் எழுதுங்கள்.

முதல் வரிசையில் மட்டும் 60-க்குப் பதில் 30-ஆல் ஈர்ப்பைப் பெருக்குங்கள். நிமிடத்தின் தொடக்கத்தில் வேகம் பூஜ்யம், முடிவில் முழுசு. நடுவில் உள்ள வேகத்தை எடுத்துக்கொண்டால்தான் தூரம் சரியாக வரும். இந்தச் சின்ன மாற்றத்தைச் செய்யாவிட்டால் மூன்றாவது நிமிடத்திலேயே 50 கி.மீ. தவறிவிடும்.

0-வது நிமிடம்: தூரம் 6,371, ஈர்ப்பு 9.81, வேகம் விநாடிக்கு 294.3 மீட்டர். விழுந்தது 17.7 கி.மீ.

1-வது நிமிடம்: தூரம் 6,353.3, ஈர்ப்பு 9.783, வேகம் 881.3. விழுந்தது 52.9 கி.மீ.

2-வது நிமிடம்: தூரம் 6,300.5, ஈர்ப்பு 9.701, வேகம் 1,463. விழுந்தது 87.8 கி.மீ.

3-வது நிமிடம்: தூரம் 6,212.7.

இப்படியே இழுத்துக்கொண்டு போங்கள். 21-வது நிமிடத்தில் மையத்துக்கு 45 கி.மீ. அளவில் இருப்பீர்கள். 22-வது வரிசையில் தூரத்துக்கு முன்னால் கழித்தல் குறி வந்துவிடும். மையத்தைத் தாண்டியாயிற்று என்று அர்த்தம். மையத்தில் ஈர்ப்பு பூஜ்யம்தான். ஆனால் அப்போதுதான் வேகம் உச்சத்தில் இருக்கிறது, விநாடிக்கு 7.9 கி.மீ. நிறுத்த அங்கே எதுவும் இல்லை. அதற்குப் பிறகு ஈர்ப்பு பின்னால் இழுக்க, வேகம் குறைந்துகொண்டே வரும். 42-வது நிமிடத்தில் தூரம் −6,370. மறுபக்கத்து விளிம்பு!

படி 5: விடை சரியா?

6,371,000-ஐ 9.81-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள்: 806 விநாடி. அதை 3.1416-ஆல் பெருக்கினால் 42 நிமிடம் 12 விநாடி. அட்டவணையோடு ஒத்துப்போகிறது. இந்த இடத்தில் எனக்கு எப்போதும் மெய் சிலிர்க்கும்: காற்றும் மலையும் இல்லாத பூமியில் தரையை ஒட்டியபடி ஒரு செயற்கைக்கோளைச் சுற்றவிட்டால், அது மறுபக்கம் போய்ச் சேர ஆகும் நேரமும் இதே 42 நிமிடம் 12 விநாடிதான். நீங்கள் குதிக்கும்போது அது தலைக்கு மேல் கடந்து போனால், மறுமுனையில் எட்டிப் பார்க்கும்போது அதே கணத்தில் அங்கேயும் கடந்து போகும்.

படி 6: நிஜப் பூமிக்கு வருவோம்

நிஜத்தில் அடர்த்தி ஒரே மாதிரி இல்லை. பாறை மேலே, கனமான இரும்பு நடுவில். அதனால் ஏறத்தாழ பாதி வழிக்கு ஈர்ப்பு தரையில் உள்ளதைவிடக் குறைவதே இல்லை, 2,890 கி.மீ. ஆழத்தில், இரும்பு உள்ளகம் தொடங்கும் இடத்தில், கூடிப்போய் 10.7 ஆகிறது. அதற்கப்புறம்தான் குறைகிறது.

ஈர்ப்பு நெடுவரிசையை மட்டும் மாற்றுங்கள். தூரம் 3,480-க்கு மேல் இருந்தால் 10 என்று போடுங்கள். கீழே வந்துவிட்டால் 10.7 × தூரம் ÷ 3,480. இப்போது மையம் 19-வது நிமிடத்திலேயே வந்துவிடும். இந்த விதியைத் துல்லியமாகக் கணக்கிட்டால் மொத்தம் 38 நிமிடம் 12 விநாடி. 2015-இல் அலெக்சாண்டர் க்ளாட்ஸ் என்ற இயற்பியல் ஆராய்ச்சி மாணவர், நிலநடுக்க அலைகளிலிருந்து கிடைத்த அடர்த்தி விவரங்களை வைத்து இதே கணக்கைப் போட்டு 38 நிமிடம் 11 விநாடி என்று வெளியிட்டார். நாம் போட்டது இரண்டே வரி விதி!

படி 7: விழுபவருக்கு எப்படி இருக்கும்?

காலடியில் எடை பார்க்கும் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு குதித்தால், முதல் கணத்திலிருந்து கடைசி வரை அது பூஜ்யம்தான் காட்டும். மையத்தில் மட்டும் அல்ல, வழி நெடுக எடையில்லாமல்தான் இருப்பீர்கள். மையத்தைக் கடந்ததே உடம்புக்குத் தெரியாது.

மறுமுனையில் ஒரு விஷயம் இருக்கிறது. தென்துருவம் பனிமேட்டின் மேல், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடதுருவத்தில் நிலமே இல்லை, கடல். ஆகவே வடக்கே வந்து சேரும்போது வேகம் இன்னும் மிச்சமிருக்கும். ஆர்க்டிக் கடலுக்கு மேலே 2.8 கி.மீ. அளவுக்கு எழும்பி, ஒரு கணம் நின்று, மறுபடி அதே துளைக்குள் விழுவீர்கள். குதித்து 76 நிமிடம் போல ஆனதும் தென்துருவப் பனியின் விளிம்பில், புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்பீர்கள். அந்தக் கணத்தில் விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் அடுத்த சுற்று.