விலா எரிவுக்கு பிளாஸ்டர், விறைச்ச கைக்குப் பட்டி

அக்கி மாறின பிறகும் விலாப்பக்கத்து எரிவு போகேல்லை. சட்டை உரசினாலே நெருப்புப் பட்ட மாதிரி. குளிசை தலைச்சுற்றைத் தந்ததால டொக்டர் லிடோகெயின் எண்ட, நோவைத் தணிக்கிற மருந்துள்ள 5% பிளாஸ்டர் எழுதித் தந்தார். 12 மணித்தியாலம் ஒட்டினால் அடுத்த 12 மணித்தியாலம் வெறும் தோலாய் விடவேணும். ஒரே நேரத்தில மூண்டுக்கு மேல கூடாது. தாளை உரிக்க முதல் அளவாய் வெட்டலாம். கொப்புளம், புண் இருக்கிற இடத்தில ஒட்டவே வேண்டாம்.

யாழ்ப்பாணத்துச் சித்திரை வெக்கையில இதை ஒட்டவைக்கிறதுதான் பெரும்பாடு. எண்ணெய் வைச்சு முழுகின நாளில விளிம்பு கிளம்பி, சட்டையோட வந்திடும். இப்ப சவர்க்காரம் போட்டுக் கழுவி, துவாயால ஒத்தி, ஃபானுக்குக் கீழ நல்லாக் காயவிட்டு, ஒட்டினபிறகு உள்ளங்கையால அழுத்திப் பிடிப்பன். பின்னேரம் ஒட்டினால் இரவு நித்திரை வரும், அதுவே எனக்குப் பெரிசு. மேல சுடுதண்ணி ஒத்தடம் கூடாது. கழட்டினதிலயும் மருந்து மிச்சம் இருக்கும். மடிச்சு, பிள்ளையளுக்கு எட்டாமல் எறியுங்கோ.

கை விறைப்பு வேற கதை. "உந்த பிளாஸ்டராலதான்" எண்டு அம்மா ஒரே பிடி. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைக்கும், சின்னவிரலுக்கு ஒண்டுமில்லை. இந்த விரல்களுக்குப் போற மீடியன் நரம்பு மணிக்கட்டில நசியுதெண்டார் டொக்டர். இரவில மணிக்கட்டை நேராய் வைச்சிருக்கிற பட்டி கட்டத் தொடங்க, சாமத்தில கையை உதறிக்கொண்டு எழும்புறது மெல்ல மெல்லக் குறைஞ்சுது. தேங்காய் திருவ இன்னும் ஏலாது. அது இப்ப இவரின்ர வேலை. பூவோட சிரட்டையும் சேர்ந்துதான் வருது.