நீளம் தாண்டுதலில் உயரத்தைத் தேடாதீர்கள்

சாயங்காலம் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துப் பக்கம் போனால், மணல்குழி ஓரமாக யாராவது ஒருவர் "மேல எம்புடா, மேல!" என்று கத்துவது காதில் விழும். தாண்டப் பழகும் பிள்ளைகளைக் கெடுப்பது அந்தச் சொல்தான்.

எறிகிற பொருள் 45 டிகிரியில் கிளம்பினால் அதிக தூரம் போகும் என்று பள்ளியில் படித்திருப்போம். ஓடி வருகிறவனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அவன் கால் எழும்பும் பலகையில் இருப்பது ஒரு வினாடியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு நேரம். அதற்குள் முழு வேகத்தையும் அவ்வளவு செங்குத்தாகத் திருப்ப முடியாது. திருப்பப் பார்த்தால் ஓட்டம் செத்துவிடும். அதனால் பெரிய வீரர்கள் 20 டிகிரியை ஒட்டியே எழும்புகிறார்கள். 1991 ஆகஸ்ட் 30 அன்று டோக்கியோவில் அமெரிக்க வீரர் மைக் பவல் 8.95 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தபோது, பலகையை நோக்கி வந்த வேகம் வினாடிக்குச் சுமார் 11 மீட்டர். அத்தனை வேகமும் அதைத் தாங்கித் திருப்பும் காலும் ஒரே உடம்பில் அமைவது அபூர்வம். அந்தச் சாதனை இன்னும் நிற்பதற்கு முதல் காரணமாக நான் சொல்வது இதைத்தான்.

அடுத்த தவறு கடைசி இரண்டு எட்டில் நடக்கிறது. பலகை தள்ளி இருப்பது போலத் தெரிந்ததும் பையன் குனிந்து பார்ப்பான், காலை எட்டி வைப்பான். அது பிரேக் போடுவதற்குச் சமம். கடைசிக்கு முந்தைய எட்டு சற்று நீண்டு இடுப்பு லேசாகத் தாழ வேண்டும். கடைசி எட்டு குறுகி, சட்டென்று விழ வேண்டும். பலகைக்கு நாலு விரல் முன்பே கால் விழுந்தாலும் பரவாயில்லை, எட்டி வைக்கக் கூடாது. இதற்கு ஒரே வழி, ஓடத் தொடங்கும் இடத்தை டேப்பால் அளந்து குறித்துக்கொண்டு, தினமும் அதே எண்ணிக்கை எட்டில் ஓடிப் பழகுவது.

அப்புறம் காற்று. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது பையன் பறக்க மாட்டானா? அன்று பின்காற்றில் தாண்டியதை அவனுடைய அளவாக எழுதி வைக்காதீர்கள். பின்காற்று வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் போனால் சாதனை செல்லாது. பவல் சாதனை படைத்த அதே டோக்கியோ இறுதிப் போட்டியில் இன்னொரு அமெரிக்கரான கார்ல் லூயிஸ் 8.91 தாண்டினார், காற்று 2.9, கணக்கில் சேரவில்லை. பவலுக்கு வீசியது வெறும் 0.3.

1968இல் அமெரிக்காவின் பாப் பீமன் 8.90 தாண்டிய மெக்சிகோ சிட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றும் சரியாக 2.0. அதை வைத்து, மலைமேல் போனால்தான் சாதனை என்று பேசுபவர்கள் உண்டு. டோக்கியோ கடலோர ஊர். நம் தூத்துக்குடி மாவட்டம் முதலூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரினும் 2023இல் பெல்லாரியில் 8.42 தாண்டித் தேசியச் சாதனை படைத்தார். மதுரையின் உயரத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

இறங்கும்போது கையைப் பின்னால் ஊன்றாதீர்கள். பலகைக்கு மிக அருகில் மணலில் பதிந்த தடத்திலிருந்துதான் அளப்பார்கள்.

முதல் தாண்டல் சரியில்லை என்றதும் பிள்ளைகள் முகம் வாடி, மெதுவாக ஓட ஆரம்பிப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. பவலின் முதல் தாண்டல் 7.85. பிறகு 8.54, 8.29, நாலாவது ஃபவுல், அதாவது பலகையைத் தாண்டி மிதித்ததால் செல்லாத தாண்டல். எதிரே பத்து ஆண்டுகளாகத் தோற்காத லூயிஸ். ஐந்தாவதில்தான் 8.95 வந்தது. ஆகவே பையன் ஃபவுல் ஆனால் வேகத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள். தொடக்கக் குறியை ஒரு சாண் பின்னால் தள்ளி வைத்து, அதே வேகத்தில் மறுபடி ஓடச் சொல்லுங்கள்.